காவிக்கு அடியில் சிவப்பு

என் கணவரின் வலது கணுக்காலில் சிவப்பு படர்ந்தபோது அதை அக்கி என்றே வீட்டில் நம்பினோம். பௌர்ணமிதோறும் வெறுங்காலோடு மலையைச் சுற்றி வருபவர் அவர். தார்ச்சாலையின் சூடு உள்ளிறங்கி அக்கியாக வெளிவந்திருக்கிறது என்றார் மாமியார். அக்கி என்றால் மண்பாண்டம் செய்பவரை அழைத்துக் காவி எழுதுவது எங்கள் வழக்கம். எத்தனையோ புத்தகம் படித்த நானும் மறுக்கவில்லை.

கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒருவர் இரண்டு நாள் காலையில் வந்து, கரைத்த காவியால் காலெங்கும் கோடுகள் இழுத்தார். சிவப்பின்மேல் சிவப்பு. அடியில் அது மேலேறிக்கொண்டிருந்தது எங்கள் கண்ணில் படவில்லை.

மூன்றாம் நாள், காலைத் தொட்டதுமே அவர் கையை எடுத்துக்கொண்டார்.

"அக்கின்னா கொப்புளம் முத்து முத்தா வரணும்மா. இதுல ஒண்ணையும் காணோம், கால் அடுப்பாட்டம் கொதிக்குது. நான் எழுதமாட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போங்க."

"ரெண்டு நாளா எழுதினீங்களே, அப்போ தெரியலியா?" என்றார் மாமியார்.

"அப்போ இவ்ளோ சூடு இல்லீங்க. இன்னிக்குத் தெரியுது, சொல்லிட்டேன்."

ஆட்டோவிலேயே கணவருக்குக் குளிர்க்காய்ச்சல் கண்டது. மருத்துவர் இளம்பெண். ஈரப் பஞ்சால் காவியைத் துடைத்தார். பளபளவென்று வீங்கிய சிவப்பு முழங்காலை நெருங்கியிருந்தது. கால்விரல்களை விலக்கிப் பார்த்தார். ஓர் இடுக்கில் வெளுத்து ஊறிய சிறு வெடிப்பு.

"கிருமி இந்த வழியாதான் போயிருக்குது. தோலுக்கு அடியில பரவுது. இன்னும் விட்டிருந்தா ரத்தத்துல கலந்திருக்கலாம்."

பிறகு பேனாவை எடுத்து, சிவப்பின் விளிம்பைச் சுற்றிக் கோடு வரைந்தார்.

"நீங்களும் எழுதுறீங்களே டாக்டர்!" என்றார் கணவர், பல் கிட்டிக்க.

"இது ஏறுதா இறங்குதான்னு பாக்கறதுக்குங்க. மருந்து ஊசியிலதான் இருக்குது."

மருத்துவமனையில் சேர்த்தபின், தலையணையில் உயர்த்தி வைத்த அந்தக் காலுக்கு அருகே அமர்ந்து அந்தக் கோட்டையே பார்த்திருந்தேன். மூன்றாம் நாள் விடிந்தபோது, சிவப்பு கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. வீடு திரும்பிக் கால் பழையபடி ஆனதும் கணவர் மாத்திரையை நிறுத்தப் பார்த்தார். கடைசி மாத்திரைவரை நான் விடவில்லை.

"கண்டுபிடிச்சது காவிக்காரர்தானே!" என்று இறுதிவரை சொல்லிக்கொண்டிருந்த மாமியார் சென்ற ஆண்டு காலமானார். எங்கள் ஒரே மகளுக்கு வெளியூரில் வேலை.

இவர் இன்றும் மலை சுற்றுகிறார். திரும்பியதும் கால் கழுவி, நாற்காலியில் அமர்ந்து நீட்டுவார். விரலிடுக்குகளைத் துவட்டி ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். வீட்டில் இப்போது நாங்கள் இருவர்தாம்.