வெள்ளி படிந்த விரல்கள்

1930களின் தொடக்கத்தில், தைப்பூசம் கழிந்த மறு வெள்ளிக்கிழமை, கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் ரயிலில் அவர் என் எதிரே உட்கார்ந்திருந்தார். வெளுத்த கோட்டு, விரல் நுனிகள் மட்டும் கன்னங்கரேலென்று இருந்தன. யாராவது பார்த்தால் கையைப் பைக்குள் விட்டுக்கொள்வார்.

“கரிக்கடையா அண்ணே?” என்று கேலியாகக் கேட்டேன்.

“கரி இல்ல தம்பி, வெள்ளி. பணக்கார விரலு.”

ஆஸ்பத்திரியில், இறந்தவர்களின் மூளையை மெல்லிதாகச் சீவி வெள்ளி உப்பில் தோய்ப்பது அவர் வேலை; அந்த உப்பு பட்ட விரல் கறுத்துவிடும். நரம்பணுக்களைச் சுற்றியுள்ள சின்னஞ்சிறு அணுக்கள் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியுமாம்.

“இந்த வெக்கைக்கு மூளையை உடனே எடுத்தாகணும். அழுதுட்டு இருக்கறவங்ககிட்ட நான்தான் போய் எடுத்துக்கட்டுமான்னு கேப்பேன். தலையைத் தொடாதேன்னு கும்பிடுவாங்க.”

“வேற யாரையாச்சும் கேக்கச் சொல்லலாமே?”

“சொல்லணும். என் சம்சாரம் அங்கேயே மூளைக்காய்ச்சல்ல கெடக்கா. பொழைக்க மாட்டா. என்கிட்ட யாரு வந்து கேப்பாங்களோ?”

மாசி பிறந்தபின் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அவரை மறுபடி கண்டேன். தலை மழித்திருந்தது. கைகளை மறைக்கவில்லை, விரல்களில் கறுப்பு புதிதாக ஏறியிருந்தது. சம்சாரத்தின் மூளையை அவரிடம் யார் வந்து கேட்டார்கள், அவர் என்ன பதில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.