வாத்து லோரியில் வந்த தாலி

எங்கள் வீட்டில் கார் இருந்ததே இல்லை. அதைச் சொன்னால் சிலர் "அச்சச்சோ" என்று என்னைப் பார்க்கிறார்கள். என்ன அச்சச்சோ? கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் குடும்பம் நடத்திய எனக்கு, போகவேண்டிய இடத்துக்குப் போகமுடியாமல் நின்ற நாள் என்று ஒன்றும் நினைவில் இல்லை. பாசாருக்கு, அதுதான் சந்தைக்கு, நடை. மழை பிடித்துக்கொண்டால் ரிக்‌ஷா. கொஞ்சம் தூரமென்றால் ஏழு பேர் உட்காரும் சின்ன பஸ். அந்த ஏழு பேர் பஸ்ஸில் ஒன்பதாவது ஆளாக ஏறி, முன்பின் தெரியாத ஒரு சீன அம்மாவின் மடியில் பாதியும் மரப்பலகையில் பாதியுமாக உட்கார்ந்து போயிருக்கிறேன். அந்த அம்மா ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை. என் கூடையைத் தன் கையில் வாங்கி வைத்துக்கொண்டார். கார் வைத்திருந்தால் அந்த மடி எனக்கு எங்கே கிடைத்திருக்கும்?

இப்படி எனக்கு இடம் கொடுத்தவர்கள், நகர்ந்து உட்கார்ந்தவர்கள், ஏற்றிவிட்டவர்கள் என்று எண்ண ஆரம்பித்தால் முடியாது. எல்லாவற்றுக்கும் முதலில் என் கல்யாணம் இருக்கிறது. அது நடந்ததே அப்படிப்பட்டவர்களால்தான்.

நான் பிறந்தது கிள்ளானில். அப்பாவுக்கு அங்கே சின்ன மளிகைக்கடை. அம்மாவின் அண்ணன், என் தாய்மாமா, ரோடு போடும் காண்டிராக்டர். எங்கள் சொந்தத்திலேயே கார் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அந்தக் காரை விட அதன் ஹாரன் சத்தம் பெரிது. தனக்குத் தெரிந்த ஒரு லோரி முதலாளிக்கு என்னை இரண்டாந்தாரமாகக் கொடுக்க வேண்டும் என்று மாமா ஒற்றைக்காலில் நின்றார். அப்பா அசையவில்லை. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வேயில் வேலை பார்த்த ஒருவரைப் பேசி முடித்தார்.

பெண் பார்க்க அவர் சைக்கிளில் வந்தார். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வரைக்கும், வேகாத வெயிலில். சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. இரண்டு தடவை தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். மூன்றாவது தடவை கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு செம்பையே பார்த்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரைத்தான் கட்டிக்கொள்வது என்று அந்தச் செம்பை நிரப்பிக் கொடுக்கும்போதே முடிவு செய்துவிட்டேன். "சைக்கிள்ல வந்தவனுக்கா பொண்ணு?" என்று மாமா மட்டும் கறுவிக்கொண்டே இருந்தார்.

முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை காலை, கிள்ளான் கோயிலில். அங்கேதான் வந்தது வினை. ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் மேற்கே இருக்கிறது. சூலம் பார்க்கிறவர்கள் அந்த நாளில் அந்தத் திசைக்குப் புறப்படமாட்டார்கள். ஆனால் அதற்கும் ஒரு வழி உண்டு, பரஸ்தானம் வைப்பது. முதல் நாளே நல்ல நேரத்தில் ஒரு மூட்டையைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. மறுநாள் போகிறபோது மூட்டையை எடுத்துக்கொண்டு போகவேண்டியதுதான். சூலத்தை ஏமாற்றியாயிற்று.

என் மாமியார் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. ஏதோ ஒரு பழைய வேட்டியை மூட்டை கட்டி வைத்தால் போதாது, எந்தக் காரியத்துக்குப் போகிறோமோ அதற்கு முக்கியமானதையே வைக்கவேண்டும் என்று, மஞ்சள் துணியில் தாலியை முடிந்து, கூடவே தேங்காயும் மஞ்சளும் வைத்துக் கட்டி, சனிக்கிழமை சாயங்காலமே பக்கத்து வீட்டுச் சாமி படத்தின் முன்னால் வைத்துவிட்டார்.

பக்கத்து வீட்டுக்காரர் என்னவரோடு வேலை பார்ப்பவர். அவரும் மனைவியும் கல்யாணத்துக்கு வருகிறவர்கள். விடியற்காலையில் எல்லோரும் ஸ்டேஷனுக்கு நடந்து ரயில் ஏறினார்கள். பக்கத்து வீட்டுக்காரர்தானே மூட்டையை எடுத்து வருவார் என்று மாமியார் நினைத்தார். தான் குளித்துக்கொண்டிருந்தபோது அந்தம்மா வந்து எடுத்துக்கொண்டு போயிருப்பார் என்று வீட்டுக்காரர் நினைத்தார். கிள்ளானில் இறங்கி, கோயிலுக்கு வந்து, தாம்பாளத்தில் தாலியை வைக்கச் சொல்லி ஐயர் கேட்டபோதுதான் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நீங்க எடுத்தாரலையா?"

"நான் எங்கம்மா எடுத்தேன்? நீங்கதானே!"

நான் கூறைப்புடவை கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். கதவுக்கு வெளியே அந்தப் பேச்சு எனக்கு நன்றாகக் கேட்டது. 

மாமாவுக்கு வாயெல்லாம் பல். "தாலியையே மறந்துட்டு வந்தவங்க, நாளைக்குப் பொண்டாட்டிய எந்த ஸ்டேஷன்ல மறந்துட்டுப் போவாங்களோ! வேணாம் மச்சான், சகுனமே சரியில்ல. நிப்பாட்டுங்க."

"உங்க காரை அனுப்புங்களேன்" என்றார் அப்பா.

"போய்ட்டுத் திரும்புறதுக்குள்ள முகூர்த்தம் முடிஞ்சிடும்." அதில் பொய் இல்லை. ஆனால் அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பூரிப்பு இருந்ததே, அதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே இருந்தபடியே, "ஒரு மஞ்சக் கிழங்கைக் கயித்துல கட்டிக் கட்டச் சொல்லுங்க. எனக்குப் போதும்" என்று கத்தினேன். கல்யாணப் பெண் இப்படிக் கத்தலாமா என்று நான்கு பக்கத்திலிருந்தும் வாயைப் பொத்தினார்கள். கிழங்கு கட்டுவதும் வழக்கத்தில் உள்ளதுதான் என்று ஐயர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். மாமா விடவில்லை. "என் தங்கச்சி மகளுக்குக் கிழங்கா? நாலு பேரு சிரிக்கவா?" அப்பா தடுமாறிப்போய்விட்டார். கடைசியில், "முகூர்த்தம் முடியிற வரைக்கும் பார்ப்போம். அதுக்குள்ள தாலி வரலைன்னா நிப்பாட்டிடுவோம்" என்று சொல்லிவிட்டார். வந்த சனத்துக்கு ஒன்றும் தெரியக்கூடாது என்று, விடாமல் வாசிக்கச் சொல்லி மேளக்காரர்களிடம் போய்ச் சொன்னார்.

மாப்பிள்ளை என்ன செய்தார் தெரியுமா? பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாருடைய சைக்கிளையோ எடுத்துக்கொண்டு கிள்ளான் ஸ்டேஷனுக்குப் பறந்தார். ரயில்வே ஆள் அல்லவா, கோலாலம்பூர் ஸ்டேஷனுக்கு டெலிபோனில் பேசவைத்தார். அங்கிருந்து ஒருவர் குவாட்டர்ஸுக்கு ஓடிப் பார்த்துவிட்டு வந்து சொன்ன பதில் ஒன்றுதான்: பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது, உள்ளே யாரும் இல்லை. அதைக் கேட்டுவிட்டு அவர் திரும்பி வந்து நின்ற நிலையைக் கதவிடுக்கில் பார்த்தேன். பாவம், அன்றைக்கும் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீடு ஏன் பூட்டிக் கிடந்தது என்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

பக்கத்து வீட்டுக்காரருக்கு ஓர் அக்கா. சின்ன வயதிலேயே கணவனை இழந்து தம்பி வீட்டில் இருந்தவர். கல்யாணம் காட்சி எதற்கும் போகமாட்டார். யாரும் கூப்பிடவும் மாட்டார்கள். அன்றைக்கும் வீட்டில்தான் இருந்தார். எல்லோரும் போனபிறகு விளக்கேற்றப் போனவர் சாமி படத்தின் முன்னால் மூட்டை அப்படியே இருப்பதைப் பார்த்திருக்கிறார். தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினால் ரயில் போய்விட்டது. அடுத்த ரயில் முகூர்த்தத்துக்கு உதவாது. கிள்ளான் ரோட்டில் பஸ் வரும் என்று ஒரு போர்ட்டர் சொல்ல, அங்கே போய் நின்றார். கோயிலையும் பாசாரையும் விட்டால் வேறெங்கும் தனியாகப் போயறியாதவர்.

வந்த பஸ்ஸில் ஏழு பேரும் நிறைந்திருந்தார்கள். அவர் மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்து எல்லோரும் நெருங்கி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். வழியில் பத்து தீகா என்ற ஊருக்கு முன்னாலேயே பஸ் புகைந்து நின்றுவிட்டது. மலாய்க்கார டிரைவர் என்ஜின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுக் கையை விரித்தார். மற்றவர்கள் ரப்பர் மர நிழலில் போய் உட்கார, அக்கா மட்டும் நடக்க ஆரம்பித்தார். கால்தான் இருக்கிறதே, பிறகென்ன என்று நினைத்தாராம்.

பின்னால் ஒரு லோரி வந்தது. அக்கா ரோட்டின் நடுவில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். ஓட்டிவந்த சீனருக்குத் தமிழ் தெரியாது. அக்காவுக்கோ பாசாரில் கத்தரிக்காய் வாங்குகிற அளவு மலாய்தான் தெரியும். முடிச்சை அவிழ்த்துத் தாலியைத் தூக்கிக் காட்டினார். "கிள்ளான், கிள்ளான்" என்றார். இந்த ஊரில் தாலி என்றால் என்ன என்று சீனருக்கும் தெரியும். முன்னால் அவர் மனைவியும் கைக்குழந்தையும் இருந்ததால் பின்னால் ஏறச் சொல்லிக் கைகாட்டினார். பின்னால் முழுக்க வாத்துக் கூடைகள். அதற்கு நடுவே மூட்டையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு அக்கா வந்தார். வழியெல்லாம் வாத்துகள் கத்தின கத்தில் காது அடைத்துப்போயிற்றாம்.

லோரி கிள்ளான் பாசாரோடு நின்றுவிடும். சீனர் இறங்கி, ஒரு ரிக்‌ஷாக்காரரைக் கூப்பிட்டு அவர்கள் பாஷையில் ஏதோ சொல்லி அக்காவை ஏற்றிவிட்டார். எந்தக் கோயில் என்று அக்காவுக்குத் தெரியாது. ரிக்‌ஷாக்காரர் முச்சந்தியில் நின்று காது கொடுத்துக் கேட்டார். மேளச் சத்தம் வந்த பக்கமாக ஓட ஆரம்பித்தார்.

முகூர்த்தம் முடிகிற தறுவாயில் அப்பா மேளத்தை நிறுத்தச் சொல்லக் கையைத் தூக்கப்போனார். அதற்குள் வாசலில் ஒரே கூச்சல். "வந்திருச்சு! தாலி வந்திருச்சு!" மஞ்சள் துணியில் ஒட்டியிருந்த வாத்து இறகை ஐயர் எடுத்து மெதுவாகக் கீழே போட்டார். மாமா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், கெட்டிமேளத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. என் கழுத்தில் தாலி ஏறியது.

பெரியவர்கள் காலில் விழும்போது, "கொண்டுவந்தது யாரு?" என்று கேட்டேன்.

"பக்கத்து வீட்டு அக்காதான். வாசல்லயே குடுத்துட்டு ஸ்டேஷனுக்குப் போயிட்டா" என்றார் மாமியார். "அவ உள்ள வரமாட்டாம்மா. அவளுக்கே தெரியும்."

எனக்குச் சுருக்கென்றது. என்ன தெரியும்? வாத்தோடு வாத்தாக உட்கார்ந்து என் வாழ்க்கையைத் தூக்கிக்கொண்டு வந்தவர், ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போவதற்கு என்ன தெரியவேண்டும்? மாலையோடு எழுந்து வெளியே நடந்தேன். "அடியே, எங்க போறே?" என்று அம்மா கத்தினாள். வாசலில் ரிக்‌ஷாக்காரர் மோர் குடித்துக்கொண்டிருந்தார். ஏறி உட்கார்ந்து, "ஸ்டேஷன்" என்றேன். திரும்பிப் பார்த்தால் மாப்பிள்ளை ஓடிவந்து பக்கத்தில் ஏறிக்கொள்கிறார். ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. தெருவே எங்களைப் பார்த்துச் சிரித்தது. சிரிக்கட்டும்.

பிளாட்பாரக் கோடியில் பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சேலை முழுக்கச் சேறு. என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஐயோ, மாலையோட இங்க ஏம்மா வந்தே? இந்நேரத்துல என் மூஞ்சில முழிக்கலாமா?"

"நீங்க வரலைன்னா எனக்குக் கல்யாணமே இல்லக்கா" என்று சொல்லிக்கொண்டே காலில் விழுந்தேன். காலை இழுத்துக்கொண்டார். நான் விடவில்லை.

அதற்குள் கோலாலம்பூர் ரயில் வந்துவிட்டது. "விடும்மா, வண்டி போயிரும்" என்று கெஞ்சினார். எழுந்து இரண்டு கைகளாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கார்டு எங்களுக்காக விசிலை வாயில் வைத்தபடி காத்திருந்தார். "ஏறுறாங்களா?" என்று என்னவரைக் கேட்டார்.

என்னவர் அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இல்ல. வண்டிய எடுக்கச் சொல்லுங்க" என்றார்.

வண்டி போய்விட்டது. அக்கா அதன் வாலையே பார்த்துக்கொண்டு நின்றார். "இப்ப நான் எப்படிடா தம்பி, வீட்டுக்குப் போவேன்?" என்றார்.

"சாயங்கால வண்டியில எங்களோட வாங்க. இப்ப கல்யாணச் சாப்பாட்டுக்குப் போவோம்" என்றார் என்னவர்.

அக்கா என் கைக்குள் இருந்த தன் கையை மெதுவாக உருவி, என் தலையில் வைத்தார். 

ரிக்‌ஷாவில் இரண்டு பேருக்குத்தான் இடம். நானும் அக்காவும் ஏறிக்கொண்டோம். மாப்பிள்ளை கூடவே நடந்து வந்தார்.