இரண்டு 0417

ஆர்டிலியோ பொனாச்சினி முப்பத்தைந்து வருடம் ரோவெர்சி கம்பெனியில் கார்களின் இரும்பு அடிச்சட்டங்களில் எண் பொறித்தார். கார் பட்டறைகளின் ஊரான எங்கள் மோதெனாவில் இதைக் கேட்டு யாரும் வாயைப் பிளக்க மாட்டார்கள். ஒருவன் தகரம் தட்டுவான், ஒருவன் ஓட்டுவான், இவர் நம்பர் அடிப்பார். ஓர் எண்ணுக்கு ஒரே அடி. மறுபடி தட்டினால் அது வேலையே இல்லை என்பார். நான் அதே கம்பெனியில் இருக்கைகளுக்குத் தோல் தைத்தவள். அவரைப் புகழ்வதற்காக இதைச் சொல்ல வரவில்லை. அவர் செய்த ஒரு காரியத்தில் எனக்கும் பங்கு உண்டு. நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

1956-ல் ரோவெர்சி ஒரு ரகப் பந்தயக் கார் செய்தது. மொத்தமே ஐந்து. இன்று அதில் ஒன்றை வைத்திருப்பவனுக்குக் கால் தரையில் பாவாது. அன்று எங்களுக்கு அது வெறும் முதுகுவலி. பிரான்சில் நடக்கும் பந்தயத்துக்காக 0417 என்ற காருக்குச் சுங்கக் காகிதம் வாங்கியாயிற்று. இன்ஜினைப் பொருத்தப் போனால் சட்டத்தில் விரிசல். புதுக் காகிதம் வர இரண்டு வாரம் ஆகும். பந்தயத்துக்கோ நாலே நாள். முதலாளி ஆர்டிலியோவைக் கூப்பிட்டார்.

"0419 தயாரா இருக்குல்ல? நம்பர அரத்தால தேச்சுட்டு 0417ன்னு அடிச்சிடு."

"அப்ப விரிசல் விட்ட வண்டி?"

"அதுவும் 0417தான், இருக்கட்டுமே. மூலைல கெடக்கப் போறது, அத எவன் குனிஞ்சு பாக்கப் போறான்?"

எல்லைக் காவலருக்குக் காகிதத்தில் உள்ள எண்ணும் அடிச்சட்டத்தில் உள்ள எண்ணும் ஒத்துப்போனால் போதும். ஆர்டிலியோ அடித்துக்கொடுத்தார். பட்டறையில் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்; சிரிக்கவும் சிரித்தோம். அந்தக் காரை ஓட்டி எர்மெஸ் கசாரினி ஜெயித்தான். அவன் வாழ்நாளில் ஜெயித்த ஒரே பந்தயம். கார் அங்கேயே ஓர் அமெரிக்கருக்குப் போய்விட்டது. அந்த நவம்பரிலேயே, மூடுபனியில் மோட்டார் சைக்கிள் லாரியில் மோதி எர்மெஸ் செத்துப்போனான். அவன் மனைவி நிவேஸுக்கு இருபத்து நாலு வயது.

1978-ல் கம்பெனி ஒரு காட்சிக்கூடம் திறந்தது. மூலையில் கிடந்த காரின் விரிசலைப் பற்றவைத்து, சிவப்பு பூசி, நடுக்கூடத்தில் நிறுத்தினார்கள். ரோவெர்சியின் அபூர்வ கார்களைப் பற்றிப் புத்தகம் எழுத மிலானிலிருந்து ஒருவர் வந்திருந்தார். ஓய்வுபெற்றிருந்த ஆர்டிலியோவை வரவழைத்து, முதலாளியின் மகன் பக்கத்தில் நிற்க, "பிரான்ஸ்ல ஜெயிச்சது இந்த வண்டிதானே?" என்று கேட்டார். இல்லை என்றால் நம்பர் மாற்றிய கதையை அவிழ்க்க வேண்டும். அதைவிட, அதுவரை யாரும் இவரிடம் எதையும் கேட்டதில்லை. "இதுதான்" என்றார். புத்தகத்தில் அவர் பெயர் வந்தது. அந்தப் பக்கத்தை மதுக்கடையில் அவர் எத்தனை பேரிடம் விரித்துக் காட்டினார் என்று எனக்குத் தெரியும். நானும் அந்தக் கூட்டத்தில் நின்று தலையாட்டினேன்.

புத்தகத்தைப் பார்த்துவிட்டு நிவேஸ் வந்தாள். அதிலிருந்து ஒவ்வொரு ஜூலையும், எர்மெஸ் ஜெயித்த நாளில் வருவாள். இருக்கையைத் தடவுவாள், குனிந்து ஸ்டியரிங்குக்கு முத்தம் கொடுப்பாள். பிறகு ஆர்டிலியோவின் வீட்டுக்குப் போய், தன் கையால் போட்ட அக்ரூட் மது ஒரு புட்டியைக் கொடுப்பாள். "அண்ணே, நீங்க மட்டும் சொல்லலன்னா எனக்கு இது தெரிஞ்சே இருக்காது" என்பாள். அவர் திருடனைத் தேள் கொட்டியது போல நிற்பார். ஒரு முறை என்னிடம் வந்தார்.

"டிர்சே, சொல்லிடலாமா?"

"இப்ப சொல்லி என்ன ஆகப் போகுது? அவ நிம்மதியா இருக்கா. வாய மூடிக்கிட்டு குடிங்க."

அப்படிச் சொன்னது நான்தான். இதை யார் தலையிலும் போட முடியாது.

பதின்மூன்று வருடம் இப்படியே போயிற்று. 1991-ல் அமெரிக்காவிலிருந்து கம்பெனிக்கு ஒரு கடிதம் வந்தது. என் காரிலும் 0417 என்றுதான் இருக்கிறது, ஜெயித்தது என்னுடையது என்று எழுதி, படமும் வைத்திருந்தார் அந்தக் காரின் சொந்தக்காரர். கம்பெனி புத்தகத்தைக் காட்டி, அது போலி என்று பத்திரிகையில் சொன்னது. அதே வாரம் வந்த அந்த ஜூலை நாளில் நிவேஸ் மதுக்கடையில் நின்று ஊரே கேட்கக் கத்தினாள்.

"திருட்டுப் பயலுங்க! என் புருஷன் ஜெயிச்ச வண்டியக் கொண்டுபோய் அவனுதுங்கிறான்! ஆர்டிலியோ அண்ணன் சொன்னா சொன்னதுதான். அவரு பொய் சொல்ற ஆளா?"

ஆர்டிலியோ கோப்பையைக் கீழே வைத்தார். "நிவேஸ், என்கூட வா" என்றார். என்னையும் பார்த்தார், நானும் பின்னால் போனேன். கூடத்தில் காருக்குப் பக்கத்தில் நின்று, அரம், சுங்கம், காகிதம் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"இது எர்மெஸ் ஓட்டுனது இல்லம்மா. அந்த ஆளு சொல்றதுதான் நெசம். புஸ்தகத்துல இருக்கறது நான் சொன்ன பொய்."

நிவேஸ் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"சரி, இது வேற பந்தயத்துக்காவது போச்சா? எர்மெஸோட கூட்டாளி யாராவது ஓட்டுனாங்களா?"

"இல்ல. இது ஒரு அடி கூட ஓடல."

"அப்ப இந்த ஸ்டியரிங்க யாருதான் பிடிச்சாங்க?"

ஆர்டிலியோ குனிந்து சக்கரத்தைத் தடவினார். அவள் இன்னொரு தரம் கேட்டாள்.

"பட்டறைலேந்து மூலைக்குத் தள்ளிக்கிட்டுப் போனாங்க. அப்ப உக்காந்து திருப்புனது... நான்தான்."

நிவேஸ் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து உதட்டைத் துடைத்தாள். ஒரு முறை துடைத்து, நிறுத்தி, மறுபடியும் அழுத்தித் துடைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"உனக்கும் தெரியுமா, டிர்சே?"

நான் தலையாட்டினேன்.