உம்மா அடிக்கச் சொன்ன வரி

ஊதா மை ஊறிய பெட்டியை மேசைமேல் வைத்து, "கட்டைவிரலைக் கொடுங்கம்மா" என்று பத்திர எழுத்தர் கேட்டதும், என் உம்மா இரண்டு கைகளையும் வெள்ளைத் துப்பட்டிக்குள் இழுத்துக்கொண்டார். கீழக்கரையில் எங்கள் வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்குத்தான்; ஆண்பிள்ளைகள் நாங்கள் கட்டிக்கொண்டவளின் வீட்டுக்குப் போய்விட வேண்டியவர்கள். நாற்பது வருஷத்துக்கு முந்தைய கதை இது; தங்கைக்கு அந்த வெள்ளிக்கிழமை நிக்காஹ். அதற்குள் வீடு அவள் பெயருக்கு மாறியாக வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். அதற்காகவே துபாயிலிருந்து லீவில் வந்து உம்மாவைப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். பத்திரத்தில் உம்மாவின் பெயரை ஒட்டி 'எழுதப் படிக்கத் தெரியாதவர்' என்று அடித்திருந்தது. எழுத்தர் அதை உரக்க வாசித்துக் காட்டியதுதான் வினை.

உம்மாவுக்கா எழுதப் படிக்கத் தெரியாது? எங்கள் தெருப் பெண்கள் அரபுத் தமிழ் எழுதுவார்கள். பேச்சு தமிழ், எழுத்து அரபி. குர்ஆன் ஓதப் போன வீட்டிலேயே எழுதவும் கற்றுக்கொண்டவர்கள். பேறுகால மருந்து, மசாலா அளவு, வெளிநாட்டிலிருக்கும் கணவன்மேல் கோபம் எல்லாம் அந்த எழுத்தில்தான். துபாயில் என் அறையிலிருந்த எகிப்துக்காரர் ஒருநாள் உம்மாவின் கடிதத்தைப் பார்த்து, தன் மொழிதான் என்று நினைத்து, கணீரென்று வாசிக்கத் தொடங்கினார். அங்கங்கே தடுக்கினாலும், "நேரத்துக்குச் சாப்புடு வாப்பா, தொழுகையை விட்டுராத" என்று உம்மாவே அவர் வாயால் பேசினார். ஒரு சொல்லும் விளங்காமல் மனுஷன் திருதிருவென விழித்தார். சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுதுவிட்டேன்.

வெள்ளைக்காரன் வந்துதான் நம் கண்ணைத் திறந்தான் என்று இன்றும் சிலர் பேசுவதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவன் பள்ளிக்கூடத்தில் கற்றால் கல்வி. எங்கள் வீட்டுக்குள் கற்றால் ஒன்றுமில்லை. அவன் ஆபீசில் செல்லாத எழுத்து எழுத்தே இல்லை என்றாகிவிட்டது. எங்கள் ஆட்களும் லேசுப்பட்டவர்களில்லை. அவன் பாஷையே வேண்டாம் என்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாத வீடுகள் உண்டு. அந்த வீம்பால் உத்தியோகமில்லாமல் தவித்ததும் நாங்கள்தான், மறுக்கவில்லை. உம்மா என்னை இங்கிலீஷ் பள்ளியில் சேர்த்தார். சாயங்காலமானால் பக்கத்தில் உட்காரவைத்து அரபுத் தமிழும் எழுதவைத்தார். இன்று என் பேத்தியை நானும் அப்படித்தான் உட்காரவைக்கிறேன். போனைக் கீழே வைக்கச் சொல்வதற்குள் உயிர் போகிறது.

"நான் கையெழுத்துப் போடுவேன்" என்றார் உம்மா.

"அரபியெல்லாம் இங்கன செல்லாதும்மா" என்றார் எழுத்தர்.

"அரபி இல்ல, தமிழு. என் பேரு."

"பொம்பளைங்களுக்கு எப்பவும் போடுற வரிதாம்மா இது. வெள்ளைக்காரன் காலத்துல இருந்து வர்ற வாசகம். பேசாம விரலை வைங்க, நேரமாகுது."

"வெள்ளைக்காரன் போயிட்டான்ல? அவன் வாசகத்துக்கு இங்கன என்ன வேலை? அந்த வரியை அடிங்க. அப்பத்தான் வீடு."

"உம்மா, கல்யாணம் நின்னுரும்" என்று காதில் கிசுகிசுத்தேன்.

"நிக்கட்டும். ஒண்ணும் தெரியாதவ குடுத்த வீட்டுல எம் மக குடியிருக்க வேணாம்."

சத்தம் கேட்டுப் பதிவாளரே எழுந்து வந்தார். உம்மா ஒரு தாளில் தன் பெயரை வலமிருந்து இடமாக எழுதி நீட்டினார். அவர் தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்கு இதைப் படிக்கத் தெரியாதேம்மா" என்றார்.

"அப்ப நீங்கதான் கைநாட்டு வைக்கணும்."

அலுவலகமே கொல்லென்று சிரித்தது. நல்லவேளை, பதிவாளரும் சிரித்துவிட்டார். மகன் படித்துச் சொல்லிச் சாட்சிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். அந்த வரியை எடுத்துவிட்டுப் பத்திரத்தைப் புதிதாக அடித்தார்கள். உம்மா ஒவ்வொரு பக்கத்திலும் நிதானமாகக் கையெழுத்திட்டார். எனக்கு அந்த நிமிடம் உம்மாவின் கையைப் பிடித்து முத்தமிடத் தோன்றியது. கூட்டத்தைப் பார்த்துக் கூச்சப்பட்டு நின்றுவிட்டேன்.

வீடு திரும்பியபோது மஃரிப் தொழுகை நேரம் நெருங்கியிருந்தது. மாப்பிள்ளையின் வாப்பா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். பகல் முழுக்கக் காத்திருந்த எரிச்சல் முகத்தில் தெரிந்தது. "ஒரு பத்திரத்துக்கு இம்புட்டு நேரமா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து உம்மாவின் குரல் வந்தது:

"அங்கன வெள்ளைக்காரன் ஒருத்தன் இன்னும் உக்காந்திருந்தான். எழுப்பி அனுப்பிட்டு வாரோம்."