காலிப்பர் வளையத்துக்கு வாங்கிய பசை

எனக்கு இடது கால் போலியோவில் போனது. இரும்புக் கம்பி வைத்த காலிப்பரை மாட்டினால்தான் எழுந்து நடப்பேன். அதன் முழங்கால் பக்கத்தில் ஒரு சின்ன வளையம் உண்டு. நிற்கும்போது கீழே இறங்கிக் கம்பியைப் பூட்டிக்கொள்ளும். புதூர்ப் பக்கம் எங்கள் ஊரில் அப்பா செத்துப்போனார் என்று ஒரு சித்திரை மாசக் காலையில் செய்தி வந்தது. பதறி எழுந்ததில் அந்த வளையம் பட்டென்று உடைந்து தெறித்துவிட்டது.

வீட்டுக்காரர் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசில் குச்சிக்கு மருந்து முக்குகிறவர். வளையத்தை எடுத்துக்கொண்டு ஓடினார். மெல்லிசு, உருகிப்போகும் என்று வெல்டிங் பட்டறையில் கையை விரித்துவிட்டார்களாம். இரண்டு பசை வாங்கி வந்து என் முன்னால் வைத்தார்.

"இந்தச் சொட்டுப் பசை நிமிசத்துல புடிச்சிரும். ஆனா பாரம் விழுந்தா விட்டுரும்னு கடைக்கார அண்ணாச்சி சொல்லுதாரு. இது ரெண்டு டியூப். சரிபாதி கலக்கிப் பூசணும். கல்லு மாதிரி நிக்கும். ஆனா நாளைக்குக் காலைல வரைக்கும் தொடக் கூடாது." பிறகு, "ரெண்டும் வேண்டாம். கார் புடிக்கேன். வாசல்ல எறங்குனதும் நான் தூக்கிட்டுப் போறேன்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "நான் என்ன பருத்திப் பொதியா, தூக்கி எறக்க?" என்று கத்தினேன். தம்பி கல்யாணத்தில் பந்திக்கு நடுவே நான் விழுந்தபோது, சொந்தபந்தம் எல்லாம் உச்சுக்கொட்டிக்கொண்டே தூக்கிவிட்டார்கள். அப்பாவைக் கிடத்தியிருக்கும் வாசலில் அந்த உச்சுக்கொட்டலைக் கேட்க என்னால் முடியாது. கடைசியாக அவர் முகத்தைப் பார்க்கணும், நடந்து போய்ப் பார்க்கணும். ரெண்டு டியூப் பசையை எடுத்து வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன்.

விடிஞ்சதும் வருகிறோம் என்று தம்பிக்குச் சொல்ல டெலிபோன் பூத்துக்குப் போய் வந்தார். "வெயில் தாங்காதாம். பொழுதடைய எடுத்துருவோம்ங்கான்."

"அப்படித்தான் சொல்லுவான். பெத்த மக வராம எடுத்துருவாவளா?"

அவர் வளையத்தை உப்புத்தாளில் தேய்த்து, பசை பூசி, மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றி, அதன்மேல் இன்னொரு பூச்சுக் கொடுத்தார். மத்தியானம் ஒரு தரமும் நாலு மணிக்கு ஒரு தரமும், "ஏட்டி, இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல, கார்ல கெளம்புவோம்" என்றார். எனக்கு வீம்பு. காயட்டும் என்றேன்.

காலையில் வளையம் கல்லாக இருந்தது. பிறகு ரெண்டு வருசம் அது விடவே இல்லை. முதல் பஸ்ஸில் போய் இறங்கி, கரிசல் பாதையில் ஒரு தடுமாற்றம் இல்லாமல் நடந்தேன். வீட்டு வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். எனக்காக ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்திருந்து, இருட்டும் நேரத்தில் எடுத்துவிட்டார்களாம். தம்பி முகம் கொடுத்துப் பேசவில்லை.

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என் காலையே பார்த்தாள்.

"நடந்தா வந்த?"

"ஆமாம்மா."

"பத்து வயசு வரைக்கும் ஒங்கப்பா ஒன்னையத் தோள்ல தூக்கிட்டுத்தான பள்ளிக்கூடத்துக்குப் போனாவ. ஒரே ஒரு நாள், அவியளுக்காக யாராச்சும் ஒன்னையத் தூக்கிட்டு வந்திருந்தா நீ கொறஞ்சா போயிருப்ப, ஏட்டி?"