ஈரியிலிருந்து இரண்டு வாக்குகள்

என் அக்காவும் அத்தானும் பென்சில்வேனியா மாநிலத்தில் ஈரி என்ற ஊரில் இருக்கிறார்கள். அந்த ஊர் ஈரி என்ற பெயருள்ள ஏரியின் கரையில் இருப்பதால், எங்கள் வீட்டில் ஊருக்கும் ஏரிக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விட்டது. "ஏரியிலையிருந்து கோல்" என்று என் கணவர் போனைக் கொண்டுவந்து தந்தால், அக்கா அழைக்கிறாள் என்று அர்த்தம். ஸ்காபரோவில் ரூஜ் பக்கமுள்ள எங்கள் வீட்டிலிருந்து பஃபலோவில் அமெரிக்க எல்லையைத் தாண்டி அவர்களுடைய வீட்டுக்குப் போக, எல்லையில் நெரிசல் இல்லாவிட்டால் மூன்றரை மணித்தியாலம் எடுக்கும். அங்கே தமிழர்கள் மிகக் குறைவு. அதனால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து, கோயிலுக்குப் போய், மீனும் மரக்கறியும் இடியப்ப மாவும் வாங்கிக் காரை நிரப்பிக்கொண்டு திரும்புவார்கள்.

அத்தான் பிளாஸ்டிக் சாமான் செய்கிற தொழிற்சாலையில் எஞ்சினியராக இருந்து ஓய்வுபெற்றவர். அக்கா ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இன்னும் வேலை செய்கிறாள். இரண்டு பேரும் அமைதியான மனிதர்கள். சண்டை பிடித்தால்கூட அயலுக்குக் கேட்காது. அப்படியானவர்களைத்தான் போன ஜனாதிபதித் தேர்தல் பிடித்து ஆட்டியது.

அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் யாருக்கு விழும் என்பது முதலே தெரிந்துவிடும். எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாத சில மாநிலங்களில்தான் உண்மையான போட்டி. பென்சில்வேனியா அவற்றில் பெரியது. அந்த மாநிலத்துக்குள்ளும் ஈரி எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் மாநிலம் போகும் என்று தொலைக்காட்சிக்காரர்கள் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். ஆகவே இலை நிறம் மாறத் தொடங்கியதுமே கமெராக்களோடு ஊருக்குள் இறங்கிவிட்டார்கள். அக்காவின் தபால்பெட்டி ஒவ்வொரு நாளும் துண்டுப்பிரசுரங்களால் நிரம்பியது. சாப்பிட உட்கார்ந்தால் யாராவது கதவு மணியை அடித்தார்கள். சமையல் நிகழ்ச்சி பார்த்தால் வெங்காயம் வதங்குவதற்குள் இரண்டு தேர்தல் விளம்பரம் வந்து போனது.

இதெல்லாம் அவர்களுக்குப் பெரிய தொந்தரவாக இருக்கவில்லை, அத்தான் தொலைக்காட்சியில் வரும்வரை.

அன்றைக்கு நான் வேலை முடிந்து பஸ் தரிப்பில் நின்றேன். அக்கா அழைத்தாள்.

"உன்ரை அத்தான் ரீவியிலை வந்தவர்."

"நல்ல விசயம்தானே. என்ன சொன்னவர்?"

"பால் வாங்கப் போன மனுசனைக் கடைவாசலிலை மறிச்சு, ஆருக்கு வோட்டு எண்டு கேட்டிருக்கினம். தன்ரை ஆளைச் சொன்னவர். அது அவரின்ரை இஷ்டம். பிறகு உங்கடை வீட்டிலை மற்றவை எப்பிடி எண்டு கேட்க, வீட்டிலை எல்லாரும் அப்பிடித்தான் எண்டிட்டார்."

"அதுக்கு?"

"வீட்டிலை எல்லாரும் எண்டால் ஆர்? நான்தானே இருக்கிறன். ஆஸ்பத்திரியிலை ஆக்கள் காத்திருக்கிற இடத்திலை அந்த ரீவி போகுது. நான் அதிலை நிண்டு பாக்கிறன். என்னைக் கேளாமல் என்ரை வோட்டையும் சேர்த்துச் சொல்லிப்போட்டார்."

பஸ் வந்தது. நான் ஏறாமல் விட்டேன். அக்காவின் குரலில் கோபத்தைவிட வேறு ஏதோ இருந்தது. குடியுரிமை எடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு தேர்தலிலும் அத்தான் சொன்ன ஆளுக்கே தான் வாக்குப் போட்டு வந்ததை அப்போதுதான் சொன்னாள். ஒருநாளும் அதைப் பெரிதாக எடுத்ததில்லையாம். வேலை, பிள்ளைகள், சமையல் என்று ஓடின காலம், அதற்குள் யார் நல்லவர் என்று ஆராய எங்கே நேரம். "இந்தமுறை நான் ரெண்டு பேரையும் வடிவாய்க் கேட்டனான்," என்றாள். "எனக்கெண்டு ஒரு எண்ணம் இருக்கு. அது அவரின்ரை எண்ணம் இல்லை."

யார் யாருக்கு ஆதரவு என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இதை வாசிக்கிறவர்களும் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி அக்காவோடும் மறுபாதி அத்தானோடும் கோபித்துக்கொள்வார்கள். எனக்கு இரண்டு பேரும் வேண்டும்.

அடுத்த கிழமை அக்கா தன்னுடைய ஆளின் பெயர்ப்பலகையை வாங்கி வந்து வீட்டு முற்றத்தில் நட்டாள். அத்தான் தன்னுடைய ஆளின் பலகையை அதற்கு அப்பால் நட்டார். ஒரே புல்தரையில் இரண்டு பலகையைக் கண்டதும் இரண்டு கட்சிக்காரர்களுக்கும் உற்சாகம் பிறந்துவிட்டது. இந்த வீட்டைக் கொஞ்சம் தள்ளினால் விழும் என்று நினைத்தார்களோ என்னவோ, மாறி மாறி வந்து கதவைத் தட்டினார்கள். அக்காவின் ஆட்கள் வந்தால் அத்தான் மேல்மாடிக்குப் போய்விடுவார். அத்தானின் ஆட்கள் வந்தால் அக்கா சமையலறையில் பாத்திரத்தைப் பலமாகக் கழுவுவாள். தங்களுக்குள் பேச்சு சுருங்கிவிட்டது. அதற்குப் பதிலாக இரண்டு பேரும் என்னோடு பேசினார்கள்.

அத்தான் என் மதிய உணவு நேரத்தில் அழைப்பார். "பிள்ளை, உம்மடை அக்கா இண்டைக்கு என்ன சொன்னவ?" என்றுதான் தொடங்குவார். நான் பட்டும் படாமலும் சொல்வேன். தான் தொலைக்காட்சியில் சொன்னது பிழைதான் என்று ஒருநாள் அவரே சொன்னார். "அவளும் அப்பிடித்தான் எண்டு நான் உண்மையாய் நினைச்சனான். இவ்வளவு காலமும் அப்பிடித்தானே இருந்தது." அதை அக்காவிடம் சொல்லுங்கோ என்றேன். சொல்லத்தான் வேண்டும் என்றார். சொல்லவில்லை.

ஏரிப் பக்கமிருந்து பெரிய காற்று அடித்த ஒரு நாளில் முற்றத்துப் பலகைகள் இரண்டும் விழுந்திருக்கின்றன. அக்கா வேலையால் வந்தபோது அவளுடைய பலகை நேராக நின்றது. அடியில் இரண்டு செங்கல் வைத்து இறுக்கியிருந்தது. அத்தானுடையது இன்னும் கிடையாகக் கிடந்ததாம். இதை எனக்குச் சொன்னபோது அக்கா சிரித்தாள். ஆனாலும் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை.

என் கணவர் அதிகம் பேசமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவும் அத்தானும் ஒரே நேரத்தில் என்னோடு போனில் இருந்தபோது, அவர் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அண்ணை, மச்சாள், ரெண்டு பேரும் கேளுங்கோ. நீங்கள் ஒரு பக்கம் போட, அவ மற்றப் பக்கம் போட, கழிச்சால் ஒண்டுமில்லை. ரெண்டு பேரும் போடாமல் விட்டாலும் ஒண்டுமில்லை. பேசாமல் எலெக்சனுக்கு முதல்நாள் இஞ்சை வந்து நில்லுங்கோ. கதவு தட்ட ஆக்களும் இல்லை, பலகையும் இல்லை. எல்லாம் முடிஞ்சாப்போலை போகலாம்."

அத்தான், "அவளுக்குச் சரியெண்டால் எனக்கும் சரி" என்றார். "எனக்கு என்ன, சரிதான்" என்றாள் அக்கா. என் கணவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைத்த கதையை வேலையிடத்தில் எல்லாருக்கும் சொன்னார்.

அந்தக் கிழமையே அக்கா அழைத்தாள். காருக்குள் இருந்து பேசினாள் போல, குரல் அடங்கிக் கேட்டது.

"நான் போட்டிட்டன்."

"என்னத்தை?"

"வோட்டை. கவுண்டி ஒஃபிசுக்குப் போனால் எலெக்சனுக்கு முதலே வோட்டுத்தாள் தருவினம், அங்கையே நிரப்பிக் குடுத்திட்டு வரலாம். போடாமல் விட மனம் வரேல்லை. நீ ஒருத்தருக்கும் சொல்லாதை. இவரைப் பாக்கப் பாவமாய்க் கிடக்கு. தன்ரை வோட்டை எனக்காக விட்டிட்டு இருக்கிறார்." அன்று அத்தானுக்குப் பிடித்த கணவாய்க் கறி வைக்கப்போவதாகவும் சொன்னாள்.

மறுநாள் மதியம் அத்தான்.

"பிள்ளை, ஒரு விசயம். அக்காவுக்குச் சொல்லிப்போடாதையும். நான் போய்ப் போட்டிட்டன்."

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த சோற்றுப்பெட்டியை மூடி வைத்துவிட்டேன். சொல்லமாட்டேன் என்றேன். இரண்டு பேருக்கும் ஒரே வாக்கைக் கொடுத்துவிட்டு, தன்னுடைய சமாதானத் திட்டத்தைப் பற்றித் தினமும் ஒருமுறையாவது சொல்லிச் சந்தோஷப்படுகிற கணவரோடு பத்துப் பன்னிரண்டு நாள் குடித்தனம் நடத்தினேன்.

சொன்னபடி தேர்தலுக்கு முதல்நாள் வந்து இறங்கினார்கள். நிம்மதி தேடி வந்தவர்களை ஸ்காபரோ விடவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குக் கொத்துரொட்டி வாங்கப் போன கடையில், பென்சில்வேனியா கார் இலக்கத்தகட்டைக் கண்ட கடைக்காரர் வெளியே வந்து, "அண்ணை, அங்காலை நிலவரம் எப்பிடி?" என்றார். வரிசையில் நின்றவர்கள் தங்கள் முறை வந்ததையும் மறந்து திரும்பிப் பார்த்தார்கள். அத்தான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு வந்தார். எங்கள் அடுத்த வீட்டு அன்ரி, அக்காவைப் பார்க்க வருவதுபோல் வந்து, வந்த வேகத்திலேயே, "உங்கடை ஸ்டேற்தானாம் முடிவெடுக்கப்போகுது. என்ன செய்யப்போறியள்?" என்று கேட்டார். முழு மாநிலத்தையும் அக்கா கைப்பையில் கொண்டுவந்திருப்பதுபோல.

அமெரிக்காவில் தேர்தல் எப்போதும் செவ்வாய்க்கிழமை. எங்களுக்கு அது கோயில் நாள். அக்கா மத்தியானம்வரை விரதம். நாலு பேரும் றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போனோம். பூசை முடிந்து கீழ்மண்டபத்தில் சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்தபோது, என் கணவருக்குத் தெரிந்த ஒரு அங்கிள் வந்து எதிரில் அமர்ந்தார். பென்சில்வேனியாவில் கால் வைத்ததில்லை. ஆனால் அதன் கவுண்டிகள் என்ற மாவட்டங்களைப் பற்றி ஒரு கிழமையாகப் போனில் பார்த்துப் பார்த்துத் தேர்ந்திருந்தார். பிலடெல்பியாவைச் சுற்றியுள்ள ஊர்கள் எப்படிப் போகும், பிற்ஸ்பேர்க் எப்படிப் போகும் என்று சாம்பாருக்கும் பாயசத்துக்கும் இடையில் முழுவதும் விளக்கினார். அத்தான் மரியாதையாகத் தலையாட்டினார். கடைசியில் அங்கிள் விரலை நக்கிவிட்டுக் கேட்டார்:

"அது சரி, நீங்கள் ரெண்டு பேரும் வோட்டைப் போட்டிட்டோ வந்தனீங்கள்?"

என் கணவர் பெருமையோடு நிமிர்ந்து வாயைத் திறக்கப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். விபூதி பூசிய நெற்றியோடு, கோயிலுக்குள் இருந்துகொண்டு பொய் சொல்வதா என்ற தவிப்பு அப்படியே முகத்தில் தெரிந்தது. கையில் எடுத்த சோறு தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

"ஓம்," என்றார் அத்தான். "நான் போட்டிட்டுத்தான் வந்தனான்."

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். சோற்றைத் தட்டில் வைத்தாள். "நானும்" என்றாள்.

என் கணவர் வாயை மூடிக்கொண்டார். அங்கிளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நல்லது, நல்லது, கடமை" என்று சொல்லிவிட்டுப் பாயசம் வாங்க எழுந்து போனார்.

திரும்பி வரும்போது கார் பேவியூ வீதியைத் தாண்டியது. இவர்தான் முதலில், "அப்ப என்ரை திட்டம்?" என்றார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒருமுறை வந்ததும் அடக்க முடியவில்லை. நானும் சிரித்தேன். அப்போதுதான் இரண்டு பேரும் எனக்கு முதலே சொன்ன விசயமும் வெளியில் வந்தது.

"உங்களுக்கு நான் போட்டது தெரியுமோ?" என்று அக்கா அத்தானைக் கேட்டாள்.

"தெரியும். நான் கவுண்டி ஒஃபிசிலை கார் நிப்பாட்டேக்கை நீ வெளியிலை வாறாய். நான் போடத்தான் போனனான். உன்னைக் கண்டிட்டுக் குனிஞ்சு இருந்திட்டன்."

"கண்டனீங்களெண்டால் ஏன் பேசாமல் இருந்தனீங்கள்?"

அத்தான் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ படியாலை இறங்கி வரேக்கை உன்ரை முகத்தைப் பார்த்தன். நல்ல சந்தோஷமாய் இருந்தனீ. அதை ஏன் கெடுப்பான் எண்டு விட்டிட்டு அண்டைக்குத் திரும்பி வந்திட்டன். அடுத்தநாள்தான் போய்ப் போட்டனான்."

இன்னும் வெளியே பார்த்தபடியே, "ரீவியிலை அப்பிடிச் சொல்லியிருக்கக்கூடாது" என்றார். அக்கா அவருடைய ஜக்கெற்றின் தோளில் ஒட்டியிருந்த பூவிதழை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

அன்று மாலை தொலைக்காட்சியைப் போடுவதில்லை என்று முடிவெடுத்தோம். காட்ஸ் விளையாடினோம். இவரும் அக்காவும் ஒரு பக்கம், நானும் அத்தானும் மறுபக்கம். நேரத்தோடு படுத்துவிட்டோம். காலையில் எழுந்தபோது பென்சில்வேனியா எந்தப் பக்கம் போயிற்று என்று உலகத்துக்கே தெரிந்திருந்தது. ஈரியும் அந்தப் பக்கமே போயிருந்தது, மிகக் குறைந்த வித்தியாசத்தில். எங்கள் வீட்டில் தோற்றவர் எழுந்து வரப் பிந்தியது. வென்றவர் தேத்தண்ணி போட்டு, இஞ்சி தட்டிப் போட்டு, மேலே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அதன்பிறகு இரண்டு பேரும் எங்களோடு உட்கார்ந்து புட்டும் சம்பலும் சாப்பிட்டார்கள். யாரும் வாக்கைப் பற்றிப் பேசவில்லை. தோற்றவருக்குக் கவலை இருந்தது. அது பல மாதங்கள் இருந்தது. அதை மற்றவர் கேலி செய்ததில்லை.

மறுநாள் மீன்கடைக்கும் மரக்கறிக்கடைக்கும் போய், வழமைபோல் கார் நிறையச் சாமானோடு புறப்பட்டார்கள். அவர்கள் போன பிறகு நான் விருந்தினர் அறைக் கட்டில் விரிப்பை மாற்றினேன். இவர் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். திடீரென்று எனக்கு ஒரு யோசனை வந்தது. முப்பது வருசத்துக்குக் கிட்ட இந்த நாட்டில் வாக்குப் போடுகிறோம். ஒரே பள்ளிக்கூட மண்டபத்துக்கு ஒரே காரில் போய் வந்திருக்கிறோம். ஒருநாளும் நான் கேட்டதில்லை.

"இஞ்சருங்கோ, போனமுறை நீங்கள் ஆருக்குப் போட்டனீங்கள்?"

இவர் விரிப்பின் மூலையை மெத்தைக்குள் செருகினார். பிறகு ஒரு கட்சியைச் சொன்னார். நான் எதிர்பார்த்த கட்சி அது இல்லை. நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

"நீர்?" என்றார்.

"தலையணை உறையை எடுத்துத் தாங்கோ," என்றேன்.