விளக்குக்குப் பிழிந்த எலுமிச்சை

ஞாயிற்றுக்கிழமை மகளைக் குளிப்பாட்டச் சட்டையைக் கழற்றியதும் அவளை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்தேன். அவளுடைய இரண்டு மேல்கைகளிலும் விரல் தடங்கள். முன்பக்கம் கட்டைவிரல், பின்பக்கம் நான்கு விரல்கள், எல்லாம் கருஞ்சிவப்பாக. ஒன்றில் சின்னக் கொப்புளம் வேறு. யாரோ பிடித்து உலுக்கியிருக்கிறார்கள். நாலு வயதுப் பிள்ளையை!

"யாருடா கண்ணு அடிச்சாங்க?"

"யாரும் அடிக்கலம்மா."

நான் நம்பவில்லை. சனிக்கிழமை எனக்குக் கல்லூரி. முழு நாளும் அவளோடு வீட்டில் இருந்தவர் என் கணவர்தான். முழுக்கைச் சட்டையைப் போட்டுவிட்டேன். அவரிடம் எதுவும் சொல்லவில்லை. சாப்பிடும்போது அவர் அவளுக்கு இட்லி ஊட்டிய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவருக்குத் தெரியாமல் செங்கம் ரோட்டில் ஒரு தோல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். போலீஸ் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தபடி உட்கார்ந்திருந்தேன். தடங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்த டாக்டர் கேட்டார்: "எலுமிச்சம்பழம் ஏதாவது பட்டுச்சாம்மா? அப்புறம் வெயில்ல இருந்தாளா?"

அவர் கேட்டதும்தான் நினைவு வந்தது. வெள்ளிக்கிழமை லீவு போட்டு, ராகுகாலத்தில் தெருமுனை அம்மன் கோயிலில் ஒன்பது பழம் பிழிந்து, அரை மூடிகளை உட்புறம் வெளியே வரத் திருப்பி விளக்கேற்றினேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, அவளும் பார்க்கட்டும் என்று இரண்டு மேல்கைகளையும் பிடித்துத் தூக்கினேன். கையில்லாத கவுன். பிறகு உச்சி வெயிலில் ஓடி விளையாடினாள்.

"எலுமிச்சைத் தோல் எண்ணெயில ஃபுரோகூமரின்னு ஒரு பொருள் இருக்குதும்மா," என்றார் டாக்டர். "அது பட்ட இடத்துல வெயில் பட்டா சுட்டுடும். ரெண்டு நாள் கழிச்சுதான் தெரியும்."

யாரிடம் சொல்கிறார்! நான் வேதியியல் ஆசிரியை. பழத்தோல்களின் ஆக்சிஜனேற்ற எதிர்ப்புதான் என் ஆராய்ச்சி. எலுமிச்சைத் தோல் சாற்றை விட்டால் சோதனைக்கு வைத்த ஊதாக் கரைசல் மஞ்சளாக மாறும். அதைக் காட்டி, "தோலைத் தூக்கிப் போடாதீங்கடி, அதுலதான் எல்லாம் இருக்கு" என்று மாணவிகளிடம் பீற்றிக்கொள்வேன். எல்லாம் என்றால் இதுவும்தான்.

என் விரல்களைத் தடங்களின் மேல் வைத்துப் பார்த்தேன். அச்சாகப் பொருந்தின.

வீட்டுக்கு வந்து கணவரிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவர் சட்டையை விலக்கிப் பார்த்தார்.

"ஆறிடும்ல?"

"ஆறிடுமாம். கறுப்பு மறையத்தான் நாளாகுமாம்."

அவள் சட்டையை மறுபடி இழுத்துவிட்டார்.

"நேத்து என் கையையே பாத்துட்டிருந்தியே, இதுக்குத்தானா?"